ஒரு சாண்

டுலூத்துக்கு மேற்கே, ஏப்ரல்.
பனி உருகி மறுபடி இறுகிய பட்டறை முற்றம்.
நின்றபடி ஓட்டும் எங்கள் குட்டி லோடரின் வாளிக்கும்
லாரியின் நடுவுக்கும் இடையே
குறைவது ஒரு சாண்.

அந்த ஒரு சாணை
டாக்னி ருஸ்ட்வோல்ட் ஆறு வருடமாக
மண்வெட்டியால் அடைத்துக்கொண்டிருக்கிறாள்.
வாளி கொட்டுவது லாரியின் ஓரத்தில்.
ஓரத்தில் குவிந்ததை நடுவுக்குத் தள்ள
இறங்கி, டயரில் கால் வைத்து ஏறி,
தள்ளிவிட்டு, மறுபடி இறங்கி.
"உங்கள் வண்டி முக்கால் வேலை பார்க்கிறது.
மிச்சக் காலை என் தோள்பட்டை பார்க்கிறது.
விலைப்பட்டியலில் அதைக் காணோமே?"

விலைப்பட்டியல் எழுதியது நானில்லை.
கையை வரைந்தது நான்.
இரும்புக்குத் தோள் எங்கே, முழங்கை எங்கே என்று
தீர்மானித்த பாவம் என்னுடையது.
பழைய கை வட்டமடித்து உயரும்.
பாதி வழியில் நன்றாக எட்டும்,
உச்சிக்குப் போனதும்
தன் நெஞ்சுக்கே திரும்பிவிடும்,
கொடுக்க நீட்டிப் பின்வாங்கும்
கஞ்சன் கை போல.

தண்டை இரண்டாக்கினேன்.
அச்சாணியைப் பின்னுக்கு நகர்த்தினேன்.
வாளி இப்போது சுவரில் பல்லி ஏறுவதுபோல
நேராக ஏறியது.

"அதோடு இந்தக் கம்பிகள்," என்றாள் டாக்னி.
"பள்ளத்தில் வண்டி குலுங்கும். நான் குலுங்குவேன்.
என் கை குலுங்கும்.
அதை வண்டி கட்டளை என்று நினைத்துக்கொள்ளும்."
எந்தச் சோதனை அறிக்கையிலும்
இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.
நடுக்கம் உத்தரவாகி, உத்தரவு நடுக்கமாகி,
போன ஜூனில் ஒரு பல்மருத்துவரின் பூப்பாத்தியை
உழுதே முடித்திருக்கிறாள்.

ஓரின் ஹாக்டால் ஒரு குழாயை வளைத்துப் பற்றவைத்தான்.
அசையாத குழாய்.
உள்ளங்கை அதைப் பிடித்துக்கொள்ளட்டும்,
விரல்கள் மட்டும் வண்டியோடு பேசட்டும்.
வால்வுக்குள் மெல்லிய காடி ஒன்று கீறினோம்,
முதல் சொட்டு எண்ணெய் யோசித்துப் போக.
இரண்டு பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே
பின்னோக்கி வந்து நிறுத்தினாள்.
ஒன்றும் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றினாள்.
அதுதான் பாராட்டு என்று
ஓரின் பிறகு சொன்னான்.

சாண் ஏறினால் முழம் சறுக்கும்.
வழுக்கு மரத்தில் மட்டும் இல்லை அது.

ஈரச் சரளை நிறைந்த வாளி
முதல் முறையாக லாரியின் நடுவுக்கு மேலே.
நான் கைதட்டக்கூட ஆரம்பித்துவிட்டேன்.
சரியாக வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்க
டாக்னி மேடையிலிருந்து ஒரு காலை எடுத்தாள்.
வண்டியின் பின்புறம்
மெதுவாக, மிகுந்த மரியாதையோடு,
சபைக்கு வணக்கம் சொல்வதுபோல எழுந்தது.
"இன்னொரு காலை எடுக்காதே!"
ஓரினின் குரல் தகரக் கூரையில் பட்டு வந்தது.
அவள் குதித்து ஏறினாள். வண்டி அமர்ந்தது.
வாளி அங்குலம் அங்குலமாக இறங்கியது.

கணக்குத்தாளை எடுத்தேன்.
மேடையில் நிற்பவர்: தொண்ணூறு கிலோ.
எங்களிடம் எல்லாத் தாளிலும் அப்படித்தான்.
"உன் எடை என்ன?"
"பூட்ஸோடா, இல்லாமலா?"
பூட்ஸோடு ஐம்பத்தாறு.
மீதி முப்பத்துநான்கு கிலோ
என் தாளில் மட்டுமே நின்றுகொண்டிருந்த ஒருவன்.

மேடையில் பூஜ்யம் என்று எழுதி
முதலிலிருந்து தொடங்கினேன்.
யாரும் இல்லாவிட்டாலும் வண்டி நிற்கவேண்டும்.
பின்னால் தடித்த இரும்புத் தகடுகள் ஏறின.
அதற்கு மேல் எடை ஏற்றினால்
டிரெய்லர் தாங்காது என்றார்கள்.
சாணுக்குப் பன்னிரண்டு விரற்கடை.
மூன்றை விட்டுக்கொடுத்தேன்.

தகட்டின் மேல் ஓரின் சாக்குக்கட்டியால்
'டாக்னியின் மதியச் சாப்பாடு' என்று எழுதினான்.
மறுநாள் பெயின்ட் அதை மூடியது.

மே மாதம் அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன்.
லாரி பாதி நிறைந்திருந்தது, நடுவில் உயர்ந்து.
பக்கப்பலகையில் அதே மண்வெட்டி தொங்கியது.
"இன்னுமா?" என்று கேட்டேன்.
வண்டியை நிறுத்தாமல்,
உள்ளங்கை குழாயிலிருந்து நகராமல்,
மறு கையைத் தூக்கி
மூன்று விரலைக் காட்டினாள்.